கரைந்துபோகும் நூல்

என் கணவரின் செருப்பில் ரத்தம் இருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டால், "இல்லையே புள்ள" என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திண்டுக்கல் மருத்துவமனையில் டாக்டரம்மா இதை நியூரோபதி (சர்க்கரை நோயால் நரம்பில் உணர்ச்சி மங்குவது) என்றார். இடது கட்டைவிரலில் ஆணி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க நேரிடும். புண்ணைச் சுத்தம் செய்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைப் பதித்துக் கட்டினார். "மேல் துணியை மட்டும் தினம் மாத்துங்கம்மா" என்றார்.

நாங்கள் இருவரும் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர்கள். ஷிப்ட் விட்டால் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவருக்கு நான் எடுத்துவிடுவேன், எனக்கு அவர். கொஞ்சல் என்று எங்களுக்கு இருந்தது அம்புட்டுத்தான்.

மறுநாள் துணியைப் பிரித்தேன். புண்மேல் நைந்துபோய் இழையிழையாக, வெள்ளையாகப் பஞ்சு.

"லீவு போட்டும் பஞ்சை விடமாட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வழித்தெடுத்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா கேட்டார்: "உள்ள இருந்த தாள் எங்கம்மா?"

"பஞ்சுன்னு நெனச்சு எடுத்துப்புட்டேன், டாக்டர்."

அவர் திட்டவில்லை. "அதுவும் நூல்தாம்மா. பாலிமர்க் கரைசலை மின்சாரத்தால இழுத்து, முடியைவிட மெல்லிசா நூலாக்குறாங்க. மருந்து அதுக்குள்ளயே இருக்கு. நூல் கரையக் கரைய மருந்து எறங்கும்." பாலிமர் என்றால் பசைபோல் இழுபடும் பொருள் என்றும் சொன்னார். புண் சுருங்கவே இல்லை. ஓரம் கறுத்திருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வருஷம் நூலோடு கிடந்தவளுக்கு நூல் தெரியவில்லையே. "விடு புள்ள, பாசத்துலதான எடுத்த" என்றார் அவர். அதற்கு இன்னும் அழுகை வந்தது.

புதுத் தாள் வைத்தார்கள். துணி மாற்றும்போதெல்லாம் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். எந்த நாளில் நூல் முழுதாகக் கரைந்தது என்று தெரியாது. அடுத்தடுத்துத் தாள் வைக்க, கறுப்பு போய்ச் சிவந்தது. மூன்றாம் மாதம் தோல் மூடியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

முன்பு என் நாள் ஷிப்ட் சங்கில் தொடங்கும். இப்போது அவர் பாதத்தில் தொடங்குகிறது. அவருக்கு உணர்வில்லாத இடத்தை என் விரல்தான் தடவிப் பார்க்கிறது. அந்தக் கால் என்னுடையது போலவே ஆகிவிட்டது.

நேற்று அவர் மில்லிலிருந்து வந்து தலையைக் குனிந்து நின்றார். "எடு புள்ள, இது நெசப் பஞ்சு."

எடுத்தேன். பிறகு காலை நீட்டச் சொன்னேன். ஐந்து விரலும் இருந்தன.