இறாலுக்கு விட்டுக்கொடுத்த பிளக்

இருபத்து மூன்று வருடங்களாகத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். கப்பலில் வந்த பெட்டிக்குச் சுங்கத்தில் பேப்பர் போட்டு, வெளியே எடுத்து, உரியவர் கையில் ஒப்படைப்பது வேலை. டயர் வந்திருக்கிறது, துவரம்பருப்பு வந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. பேப்பர் சரியாக இருந்தால் போதும்.

ஒரு பெண்மணி ஏப்ரல் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒயின் இறக்குமதி செய்யப்போவதாகச் சொன்னார். இங்கே இறக்கி பெங்களூருக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. பெரிய கம்பெனி ஒயின் இல்லை. போர்ச்சுகலில் ஒரு மலைச்சரிவில் அண்ணனும் தங்கையும் இரண்டே பேராகத் திராட்சை வளர்த்து, காலால் மிதித்து, தங்கள் கையாலேயே பாட்டிலில் அடைப்பது. அறுவடையின்போது இவர் அவர்கள் வீட்டில் பத்து நாள் தங்கிக் கூடவே வேலை செய்திருக்கிறார். அந்த வருடம் எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கை இவரை நம்பி அனுப்பிவிட்டார்கள்.

"அவங்க வீட்டு மேஜையில என்ன ருசியோ, அதே ருசி இங்கயும் இருக்கும்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் சார்" என்றார். நான் தலையாட்டினேன். பார்ட்டிகள் முதல் நாள் பேசுகிற பேச்செல்லாம் எனக்குப் பழக்கம்.

சரக்கு குளிர்ப்பெட்டியில், அதாவது குளிரூட்டிய கன்டெய்னரில் வந்தது. திருவொற்றியூர் தாண்டி ஒரு யார்டில் இறக்கினோம். குளிர்ப்பெட்டியைக் கரண்ட் பிளக்கில் மாட்டினால்தான் உள்ளே குளிர் ஓடும். கழற்றிவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி. உணவுப் பொருள் என்பதால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரவேண்டும், லேபிளில் ஒரு திருத்தம் இருந்தது, நடுவில் இரண்டு விடுமுறை. எல்லாம் வழக்கமான இழுவை.

மூன்றாம் நாள் என் தோஸ்து ஒருவன் போன் செய்தான். அவனும் இதே தொழில்தான். காசிமேட்டு இறால் ஏற்றுமதிப் பார்ட்டிகள் அவனுக்கு அதிகம். யார்டில் பிளக் எல்லாம் நிரம்பிவிட்டது, அவனுடைய இறால் பெட்டி வாசலில் நிற்கிறது.

"மாமு, உன் பொட்டில ஒயின்தானே கீது? ஒயின் எங்கனா கெடுமா? வெக்க வெக்கத்தான் நல்லா ஆவும். எனக்கு எறா கலீஜாயிடும், கொஞ்சம் கழட்டி வுடு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ராயபுரத்தில் பிறந்தவனுக்கு இறால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் ஒயின்தான். பன்னீர் திராட்சை, நிறைய சர்க்கரை, பட்டை, கிராம்பு. பீங்கான் ஜாடியில் போட்டு மனைவி அடுப்படி மூலையில் வைப்பாள். அடுப்புச் சூட்டில் அது கெட்டதே இல்லை. அந்தப் பெண்மணியைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. 'மின் இணைப்பு தேவையில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு யார்டுக்கு அனுப்பினேன். பதினாறு நாள் அந்தப் பெட்டி மே மாத வெயிலில் நின்றது.

எல்லாம் முடிந்து பெட்டியைத் திறந்து குடோனில் அடுக்கிய அன்று, நன்றிக்காக என்னையும் ருசி பார்க்கக் கூப்பிட்டார். குடோன் ஆபீஸ் ரூமில் ஒரு மேஜை, இரண்டு கண்ணாடிக் கோப்பை, துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். ஒயினைத் துப்புவதா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சர்ச்சில் பூசையின்போது பார்த்து வளர்ந்த பொருள். நான் விழுங்கினேன்.

இனிப்பாக, கெட்டியாக, உலர்ந்த திராட்சை மணத்தோடு இறங்கியது. உண்மையிலேயே பிடித்தது. "சூப்பரா கீது மேடம். எங்க வூட்டு கிறிஸ்துமஸ் ஒயின் மாதிரியே கீது" என்றேன்.

அவர் தன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு பாட்டில் திறந்தார். அதையும் துப்பினார். மூன்றாவதையும் அப்படியே. கடைசியாகத் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அதே லேபிள். விமானத்தில் வரும்போது தன் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்ததாம்.

"இதைக் குடிங்க."

முதல் வாய் புளித்தது. முகத்தைச் சுளித்தேன். பச்சை நாவல்பழம் போல நாக்கைப் பிடித்தது. இரண்டாவது வாயில் புளிப்புக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் விழுங்கிய பிறகும் வெகுநேரம் இருந்தது. மறுபடி முதல் கோப்பையை எடுத்துக் குடித்தேன். காய்ச்சின சர்க்கரைதான் இருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது.

"வெந்துபோச்சு சார். மொத்தமும்" என்றார். "யார்டுல யாரோ பிளக்கைக் கழட்டியிருக்காங்க. அங்க இருக்கற எலக்ட்ரீஷியன் பேர் வேணும். புகார் எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அந்த எலக்ட்ரீஷியன் கான்ட்ராக்ட் ஆள். ஒரு புகார் போதும், மறுநாள் யார்டு வாசலுக்குள் விடமாட்டார்கள். நான் எழுதிய தாளை யார்டில் யாரும் தேடி எடுக்கப்போவதில்லை, இவருக்கோ விஷயம் கடைசிவரை தெரியப்போவதில்லை. பேனாவை எடுத்துக்கூட விட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். எடுத்த கையைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கழட்டச் சொன்னது நான்தான்" என்று, இறால் கதையைச் சொன்னேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கார்க்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அமுக்கினார்.

"அவங்களுக்கு லெட்டர் எழுதணும். இறால்னு எழுதட்டுமா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் கேட்டார்.

கிளம்பும்போது, திறந்த பாட்டிலில் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே. எடுத்துட்டுப் போங்க." வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் வேறு ஏஜென்சிக்கு மாறிவிட்டார். நானாக இருந்தாலும் மாறியிருப்பேன்.

பாட்டிலோடு வீட்டுக்கு வந்ததற்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மாட்டுக்கறி வறுவலோடு சாப்பிட உட்கார்ந்தோம். பாட்டிலைக் கண்டு மச்சான் ஒரு தம்ளர் ஊற்றிக்கொண்டு, இரண்டாவதும் ஊற்றிக்கொண்டார். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாங்க இது, நம்ம கிறிஸ்மஸ் ஒயின் கணக்காவே கீது. யாரு பண்ணது?"

போர்ச்சுகலில் ஓர் அண்ணனும் தங்கையும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். அவர்கள் செய்தது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

"நான்தான்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.