குப்பைத் தொட்டிப் பக்கம் அடித்த ஹோம் ரன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு நாள். ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பல்ப் மாற்றுவது, பனி தள்ளுவது, குழாய் அடைத்தால் ஓடுவது, எல்லாம் என் தலையில்தான். அன்று ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நோர்வேஜிய மொழியில் தொடங்கியவர் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினார். சென்னைக்காரர். இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை.

“சார், இந்த பில்டிங் கட்டுறதுக்கு முன்னாடி இங்க ஒரு பேஸ்பால் கிரவுண்ட் இருந்துச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம், தெரியாமலோ! அந்த மண்ணிலை என்ரை கால் படாத இடமில்லை” என்றேன்.

பொய் இல்லை. நான் நோர்வேக்கு வந்த புதிதில், ஞாயிறு மதியம் பேஸ்போல்காரர் மூட்டை கட்டியதும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டையோடு உள்ளே இறங்கிவிடுவோம். எங்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். அவர்கள் ஆட்டத்தை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அவர்கள் எப்போது போவார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

அழைத்த பெண்ணின் கணவர் அமெரிக்கர். இளவயதில் ஒஸ்லோவில் படித்தபோது அந்த மைதானத்தில் ஆடியவர். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அங்கேதானாம். பந்தை எட்டாத தூரத்துக்கு அடித்துவிட்டு, மூன்று மூலைகளையும் தொட்டு, அடித்த இடத்துக்கே ஓடி வருவதுதான் ஹோம் ரன். நம் சிக்ஸருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. விடுமுறை வந்தால், இடிக்கப்பட்ட பழைய பேஸ்போல் மைதானங்களைத் தேடிப் போவார். ஒன்று கார் நிறுத்துமிடமாகிவிட்டது. இன்னொன்றில் செங்கல் சுவர் ஒன்றுதான் மிச்சம். நியூயார்க்கில் ஒன்றை இடித்துவிட்டு வீடுகள் கட்டி, இங்கே பந்து விளையாடக் கூடாது என்று பலகையும் மாட்டிவிட்டார்களாம். எங்கள் முற்றத்திலும் அதே பலகை இருக்கிறது, மாட்டியது நானேதான் என்பதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

அடிப்பவர் நிற்கும் வெள்ளைப் பலகைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அது இருந்த இடத்தில் நின்று, கையில் இல்லாத மட்டையை ஒரு வீசு வீசினால்தான் கணவருக்கு ஆறுதல். “ஒரு அடி தள்ளி நின்னாலும் அவருக்குக் கணக்கு இல்ல சார். ஒரு கார் பார்க்கிங்ல பழைய மேப்ப வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் எங்களை அலைய விட்டார்” என்று சிரித்தார். வருகிற சனிக்கிழமை கணவருக்கு ஐம்பது வயது. திங்கட்கிழமை இருவரும் ஒரேயடியாக அமெரிக்காவுக்குப் போகிறார்கள். அவருக்குச் சொல்லாமல் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் மனைவியின் ஆசை.

“என்னட்டை விடுங்கோ தங்கச்சி” என்றேன்.

சனிக்கிழமை காலையே சைக்கிள் கொட்டகைக்கு முன்னால் பெருக்கித் தள்ளினேன். அந்த இடத்தில் முன்பு ஒரு மண்மேடு இருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைப் பலகை. நாங்கள் அதில் நின்றுதான் மட்டை பிடிப்போம். ஆகவே கேள்விக்கே இடமில்லை. கார் நிறுத்தக் கோடு போடும் பெயின்டை எடுத்து ஐந்து மூலையோடு ஒரு ஹோம் பிளேட் வரைந்தேன். என் கைவண்ணத்தை நானே நாலு பக்கமும் நின்று ரசித்தேன்.

வந்தார்கள். கணவர் சுற்றிலும் பார்த்தார், சிரித்தார், நின்று வீசினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது, படம் எடுத்தபடியே என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் வரைந்ததைக் கணவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பெருமை தாங்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் அணியின் விக்கெட் கீப்பராக இருந்த நண்பனை உடனே அழைத்தேன். இப்போது ஸ்தவாங்கரில் இருக்கிறான். கதையைக் கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“டேய் விசரா, அது பந்து எறியிறவன் நிக்கிற மேடல்லோ! அடிக்கிறவன் கீழ்மூலையிலை, அந்தக் கம்பி வலைக்கு முன்னாலை நிண்டல்லோ அடிப்பான். நடுவிலை நிண்டு அடிக்க அதென்ன கிரிக்கெட்டே?”

கம்பி வலை இருந்த மூலையில் இப்போது குப்பைத் தொட்டிகள்.

“விடு மச்சான், ஆருக்குத் தெரியப்போகுது? அதுகள் சந்தோஷமாப் போகட்டும்” என்றான் அவன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஆனால் ஒரு அடி தள்ளி நின்றாலும் கணக்கில்லை என்று அந்தப் பெண் சொன்னது காதில் குடைந்தது. நான் தள்ளி நிறுத்தியது எத்தனை அடி! திங்கட்கிழமைக்குப் பிறகு இதைத் திருத்தவும் முடியாது.

வேலை உடுப்போடேயே, அவர்கள் போன ரயில் நிலையத்துக்கு ஓடினேன். இருவரும் மேடையில் நின்றார்கள், ரயிலும் வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். “பிழை என்ரைதான் தங்கச்சி, கிரிக்கெட் புத்தியிலை காட்டிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். அவர் முகம் வாடியபடியே கணவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

கணவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போய் நின்றவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். அந்தக் காலத்தில் அடிக்கும்போது தூரத்து மலை முகத்துக்கு நேரே தெரியும், நான் வரைந்தபடி நின்றால் அது முதுகுக்குப் பின்னால் இருந்ததாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்டதற்கு, பெயின்ட் இன்னும் காயவில்லையே, அதை வரைந்த மனுஷரும் பக்கத்திலேயே நிற்கிறாரே, எப்படிச் சொல்வது என்றார்.

ரயில் போய்விட்டது. நாங்கள் மூவரும் திரும்பி நடந்தோம்.

குப்பைத் தொட்டிகளுக்கு முன்னால் கணவர் இங்கும் அங்கும் நகர்ந்து, மலையைப் பார்த்து, ஓரிடத்தில் காலை ஊன்றினார். முன்பு நின்ற ஆளே இல்லை, முகமே வேறாகிவிட்டது. வீசினார். பிறகு யாரும் எதிர்பாராமல் ஓடவே தொடங்கிவிட்டார்! முதல் படிக்கட்டைத் தொட்டு, சைக்கிள் கொட்டகையைச் சுற்றி, சிறுவர்களின் மணல்தொட்டியைத் தாண்டி, நான் மாட்டிய பலகையைக் கடந்து, இரைக்க இரைக்கக் குப்பைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தார். பல்கனிகளில் நின்றவர்கள் விஷயம் புரியாமலே கைதட்டினார்கள். “அண்ணா, நீங்க மட்டும் ஓடி வரலேன்னா...” என்றபடியே மனைவி மறுபடியும் படம் எடுத்தார்.

எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்ல இப்போதும் வாய் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பின் தெரியாத என் மனம் நோகக் கூடாது என்பதற்காக, ஒரு மனிதர் தன் ஐம்பதாவது பிறந்தநாளின் ஆசையையே சிரித்த முகத்தோடு விட்டுவிட்டுப் போக இருந்தாரே என்று நினைக்கும்போதெல்லாம், கொஞ்சம் வெட்கமும் அதைவிடப் பெரிய சந்தோஷமும் வந்து என் வாயை அடைத்துவிடுகின்றன.