மாமாவுக்கு அனுப்பிய தேங்காய்

என் அப்பாவைப் போல விதிமுறைக்குப் பயந்த மனிதரை நான் இன்னும் கண்டதில்லை. விடியற்காலையில் ஒரு ஈ காக்கை இல்லாத தெருவிலும், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவர் என் கண்ணெதிரே ஒரே ஒரு தரம் சட்டத்தை மீறினார். அதுவும் ஒரு தேங்காய்க்காக. எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் இருந்தது வட ஜேர்மனியில், வேசர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். ஆற்றின் குறுக்கே இருந்த மின் நிலையத்தில் அப்பாவுக்கு வேலை. மின் நிலையம் என்றதும் மலையையும் பெரிய அணையையும் நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் இரண்டு மூன்று ஆள் உயரம்தான் விழும். அந்த விழுகையிலேயே சக்கரம் சுற்றி மின்சாரம் வந்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதை விளக்காமல் விடமாட்டார். "நாங்கள் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறேல்லை. வாறது அப்பிடியே போகும்" என்பார். அம்மா தேத்தண்ணீர் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் வரவேற்பறையில் மாமாவின் படம் தொங்கியது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. இலங்கையில் நடந்த போரின் கடைசிக் கிழமைகளில் காணாமல் போனவர். "அவன் வருவான்" என்று அம்மா சொல்வார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் செய்த கடதாசி மாலையை ஆசையாக அந்தப் படத்துக்குப் போட்டேன். அம்மா ஓடி வந்து அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தார். மாமாவுக்கு மாலை போடக் கூடாது என்பது அன்று எனக்கு விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. அப்பா இடையிடையே, "செய்யவேண்டியதைச் செய்வமே?" என்று மெல்லக் கேட்பார். அம்மா கையிலிருந்த சட்டியை டம்மென்று வைப்பார். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் வசந்த காலத்தில் ஒருநாள், பள்ளி விட்டு வந்த என்னை அம்மா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆறு வரும் திசையில் இரண்டு ஊர் தள்ளிப் போனார். பையில் ஒரு தேங்காய். மஞ்சள் பூசி, மாமா இடுப்பில் உடுத்த நீலக்கட்டம் போட்ட பழைய சாரத்தில் கிழித்த துண்டால் சுற்றி, நூலால் இறுகக் கட்டியிருந்தார். ஆற்றில் முழங்காலளவு இறங்கி அதை விட்டார். ஏப்ரல் தண்ணீர், கால் விறைத்திருக்கும். தேங்காய் மிதந்து மிதந்து போயிற்று.

"கடலுக்குப் போகோணும். போனால்தான் மாமாவிட்டைச் சேரும்" என்றார். பிறகு, "அப்பாட்டைச் சொல்லாதை" என்றார்.

எனக்கு ஒரே குழப்பம். மாமாவின் வீட்டு வளவிலேயே பதினைந்து தென்னை நிற்கிறது என்று சொன்னது இதே அம்மாதான். அப்படியிருக்க ஜேர்மனியில் கடையில் வாங்கின தேங்காய் அவருக்கு எதற்கு? கேட்கப் பயமாக இருந்தது. அம்மாவின் முகம் அப்படி இருந்தது.

அடுத்த நாள், பிள்ளைகள் பெற்றோரின் வேலையிடத்தைப் போய்ப் பார்க்கும் நாள். அப்பா எனக்கும் ஒரு மஞ்சள் தலைக்கவசம் போட்டுவிட்டார். அவருடைய மேலாளர், வெள்ளை மீசை வைத்த நல்ல மனிதர், எல்லாவற்றையும் காட்டினார். சக்கரத்துக்குள் குப்பை போகாமலிருக்க, தண்ணீருக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நிறுத்தியிருந்தார்கள். அதில் தங்குவதை ஒரு பெரிய இயந்திரச் சீப்பு வாரி மேலே கொட்டும். அதைத் தரம் பிரிப்பது அப்பா. "மேலே வந்தது எதுவும் திரும்ப ஆற்றுக்குப் போகக் கூடாது. ஒரு இலைகூட. அது சட்டம்" என்றார் மேலாளர். அப்பா பெருமையாகத் தலையாட்டினார்.

சீப்பு மறுபடி மேலே வந்தது. கிளைகள், போத்தல்கள், ஒரு செருப்பு. அவற்றுக்கு நடுவே நீலக்கட்டத் துணி. அப்பா அதைக் கையில் எடுத்தார்; துணியின் ஓரத்தில் தேங்காயின் குடுமி தெரிந்தது.

மேலாளருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேசர் ஆற்றில் தேங்காய்! ஆற்றில் அகப்பட்ட விசித்திரங்களை அவர் அலுவலகத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். தலையில்லாத பொம்மை, தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் சிவப்புத் தொப்பிக் குள்ளன் சிலை. அதன் பக்கத்தில் இதை வைப்போம் என்று கையை நீட்டினார்.

அப்பா கொடுக்கவில்லை. துணியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நேற்று அம்மாவோடை எங்கை போனனீ?" என்று கேட்டார்.

"ஒரு இடமும் போகேல்லை."

பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் ஏசவில்லை. மேலாளரைப் பார்த்து ஜேர்மன் மொழியில் "இல்லை" என்றார். அந்த மனிதரிடம் அப்பா "இல்லை" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். தேங்காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் விழுந்து ஓடும் கீழ்ப்பக்கத்துக்குப் படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன். கடைசிப் படியில் சப்பாத்தைக் கழற்றினார்.

"அப்பா, மேலை வந்தது திரும்பப் போடக் கூடாதெல்லோ? அவர் பாக்கிறார்."

"பாக்கட்டும்" என்றார் அப்பா.

குனிந்து தேங்காயைத் தண்ணீரில் விட்டார். அது ஒருமுறை சுழன்று, நேராகிப் போயிற்று. கண்ணுக்கு மறையும்வரை வெறுங்காலோடு நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். மேலே மேலாளர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

சப்பாத்தைப் போடும்போது அப்பா, "அம்மாட்டைச் சொல்லாதை" என்றார். ஒரே தேங்காயை அம்மாவிடமிருந்து அப்பாவும், அப்பாவிடமிருந்து அம்மாவும் ஏன் ஒளிக்கிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது.

மாலையில் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஏதோ நினைத்துக் கேட்பதுபோல, "ஆத்திலை ஓட்டம் எப்பிடி?" என்றார்.

"நல்ல ஓட்டம்" என்றார் அப்பா. "வந்ததெல்லாம் கடலுக்குப் போயிட்டுது."

அம்மா தலையாட்டிவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அப்பா போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. படத்துக்கு ஒரு மாலை போட்டிருந்தது. உண்மையான பூ. கண்ணாடியில், மாமாவின் நெற்றிக்கு நேரே, சந்தனப் பொட்டு. அப்பா வேலைக்குப் போகாமல் அம்மாவின் பக்கத்தில் நின்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் பிள்ளைக்குத்தான் இப்படிச் சோடித்து விடுவார்கள்.

"மாமாவுக்கு இண்டைக்குப் பிறந்தநாளோ?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஓம்" என்றார் அம்மா.

நான் கைதட்டி, பிறந்தநாள் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடி முடித்தேன்.