தாளாளர் எடுத்த பாடம்

வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பள்ளியின் தாளாளருக்கு உயிரெல்லாம் அவருடைய பனியன் கம்பெனியில்தான். பள்ளிக்கூடம் என்பது கல்யாணப் பத்திரிகையில் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம். மேடையில் யாராவது 'கல்வித் தந்தை' என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடி ரசிப்பார். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எக்ஸ்போர்ட் ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்த காலம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் பொருளியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்புச் செலவு என்ற பாடம் வந்தபோது, தானே வந்து நடத்துவதாகச் சொன்னார்.

"புஸ்தகத்துல என்னங்க டீச்சர் இருக்குது? புரொடக்சன்னா என்னன்னு நான் சொல்லித் தர்றனுங்க."

வந்தார். பின்னாலேயே கம்பெனி வேனும் வந்தது. அதிலிருந்து டீ ஷர்ட் கட்டுகள் இறங்கின. கூடவே ஒரு டப்பா நிறைய, நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரிகள். பாடத்தின் லட்சணம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

போர்டின் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் 'கிடைப்பது', மறுபக்கம் 'இழப்பது' என்று எழுதினார். "ஒரே மெஷின்தான் இருக்குதுன்னு வைங்க கண்ணுகளா. கொழந்தை சட்டை தெச்சா டீ ஷர்ட் தெக்க முடியாது. எதை உட்டமோ அதுதான் செலவு." இதை ஒழுங்காகத்தான் சொன்னார், மறுக்கமாட்டேன். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு, "இப்ப நீங்க பிசிறு வெட்டுனீங்கன்னா ஷிப்மென்ட் ரெடி. இழக்கறது ஒரு பீரியடு. அவ்வளவுதான்" என்று இரண்டு பக்கத்தையும் நிரப்பினார். ஓசியில் ஆள் பிடிக்க இவ்வளவு பொருளியல்!

முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மாவுக்கு இதே தாளாளரின் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்த்துப் பிசிறு வெட்டுகிற செக்கிங் வேலை. அம்மாவுக்கு வேலை ஓடுகிற வரைக்கும்தான் இவளுக்குப் படிப்பு, அது நின்றால் இவளும் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பெஞ்சுக்குப் பெஞ்சு சட்டையும் கத்தரியும் வந்தன. அவள் ஒரு சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"சார், இது எங்கம்மா பாக்குற வேல. இன்னைக்கு வேல இல்லன்னு கேட்டுல வச்சே திருப்பி அனுப்பிட்டாவ. எங்கம்மா இழந்தத எந்தப் பக்கம் எழுதணும் சார்?"

தாளாளர் சிரித்தார். "அதெல்லாம் கம்பெனி விசயம் சாமி. நீ உக்காரு கண்ணு." மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, கழுத்தை அறுக்கும்போதும் மனுஷனுக்கு வாயில் 'சாமி'தான்.

அவள் உட்காரவில்லை. கத்தரியைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"எங்கம்மாவக் கூப்பிடுங்க சார். அவுக இத நல்லாப் பண்ணுவாவ. நான் படிக்கணும்."

அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொரு கத்தரி வந்தது. அப்புறம் வரிசையாக எல்லாம் மேசைக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளை நான் அதட்டுவேன் என்று தாளாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டுகள் வேனில் திரும்ப ஏறின. வராந்தாவில் நின்றே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, செக்கிங் பொம்பளைகளை உடனே வரச் சொன்னார். வெட்கப்பட்டு அல்ல, அந்தச் சமாச்சாரம் அவரிடம் கிடையாது. ஷிப்மென்டுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் ஆருங்க சொல்லிக் குடுத்தது?" என்றார்.

போர்டைக் காட்டினேன்.

"நீங்கதானுங்க சார்."