அம்மா கையில் விட்ட அட்டை

அட்டை உடம்பில் பட்டதும் முதலில் தெரிவது குளிர்ச்சிதான். நனைந்த துணி நுனியை வைத்தது போலிருக்கும், பிறகு ஊசி நுனி அளவுக்கு ஒரு சுருக், அப்புறம் ஒன்றுமே தெரியாது. ஆனால் நான்காம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையில், மேலூர் பக்கத்தில் ஒரு வைத்தியர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிப் பாட்டிலுக்குள் நெளிந்தவற்றைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டுமே.

வலது கணுக்காலுக்கு மேலே எனக்குக் "கரப்பான்" வந்திருந்தது. சொறிந்து சொறிந்து நீர் வடிந்து, யூனிஃபார்ம் சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷமாகக் களிம்பு தடவியும் போன இடத்திலேயே திரும்ப வந்தது. அட்டை விட்டு "கெட்ட ரத்தத்தை" எடுத்தால்தான் ஆறும் என்று பள்ளியில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அம்மா சிம்மக்கல் அருகே ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் வீடு, பள்ளிக்கூடம், என் கால் எல்லாமே அவள் ஒருத்தி தலையில் இருந்தது. அந்த வருஷம் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவாள். கேட்டால், "சாவியை எங்க வச்சேன்னு யோசிக்கிறேன்" என்பாள்.

வைத்தியர் நிதானமானவர். என் காலைக் கழுவித் துடைத்து, "ஒண்ணும் செய்யாது பாப்பா" என்றபடி ஓர் அட்டையை அருகே கொண்டுவந்தார். நான் உதைத்த உதையில் தண்ணீர்க் கிண்ணம் உருண்டோடியது. மறுபடியும் முயன்றார், வீடே அதிர அழுதேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது வீணாகிவிடுமோ என்ற அலுப்பில் அம்மா தன் கையை நீட்டினாள்.

"முதல்ல எனக்கு விடுங்க. அவ பார்க்கட்டும்."

"வேணாம் டீச்சர், உங்க முகமே வெளுத்திருக்கு. ரத்தம் கம்மியா இருக்கப்போகுது."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அவர் தயங்கினார். என் அழுகை நிற்கவில்லை. கடைசியில் இருப்பதிலேயே சிறியதாக ஒன்றை எடுத்து அவள் முன்கையில் விட்டார். அது மெல்லப் பருப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மஞ்சள்தூளைத் தூவியதும் அது சுருண்டு விழுந்தது. நான் காலை நீட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கிடைத்த ஓர் இடத்தில் என்னை உட்காரவைத்து அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். ஒத்தக்கடை தாண்டியதும், அட்டை கடித்த இடத்தில் கட்டுத்துணி சிவந்திருந்த அந்தக் கை கம்பியிலிருந்து நழுவி, அவள் என் காலடியில் சரிந்தாள். "அண்ணே, ஓரங்கட்டுங்க, அக்கா விழுந்துட்டாங்க!" என்று கண்டக்டர் கத்தியதும், யாரோ ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும்தான் நினைவிருக்கிறது.

"எனக்காகத்தான் அட்டை விட்டாங்க, அது ரத்தத்தையெல்லாம் குடிச்சிருச்சு" என்று தேம்பினேன். டாக்டரம்மா, அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"அது எம்புட்டும்மா குடிச்சிருக்கும், ஒரு கரண்டியா? உங்கம்மாவுக்கு ஏற்கெனவே ரத்தமே இல்ல." பிறகு அம்மாவிடம் குனிந்து, "மாசாமாசம் அதிகமாப் போகுதா? எத்தனை நாளா?"

"எட்டு மாசமா" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

"ஏன் வரல?"

"நேரம் எங்க இருந்துச்சு?"

கருப்பையில் கட்டி இருந்தது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஆபரேஷனே செய்ய முடிந்தது. இன்னும் சில மாதம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, விவரம் தெரிந்து ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவிடம் டாக்டரம்மா சொன்னதை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் கரப்பானும் ஆறியது. அப்பாவோடு போய் இன்னும் இரண்டு தடவை அட்டை விட்டதாலா, விடுமுறை முழுக்கச் சாக்ஸ் போடாததாலா என்று இன்றுவரை தெரியாது.

நான்குவழிச் சாலை போட்டபோது வைத்தியர் வீடு இடிபட்டது. எந்த இடம் என்று பஸ்ஸிலிருந்து என்னால் இப்போது காட்ட முடியாது. இப்போதெல்லாம் நகரத்து ஆயுர்வேத ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே அட்டையை எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறாள். மாலையில் நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

"களைப்பா இருக்கியா?"

"இல்லம்மா."

"எங்கிட்டயேவா?" என்று நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளுவாள்.