சோழவந்தானிலிருந்து பரிசலில் ராஜாவும் ஜூலியும்

வைகையில் பரிசல் பயணமா என்று சிரிக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கல் விடுமுறை அது. மழை நன்றாகப் பெய்து, இரண்டு கரையையும் தொட்டுத் தண்ணீர் ஓடிய வருடம். நாய்களோடும் குழந்தையோடும் படகில் போக நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

அப்போது திருநகரில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கப்பலூரில் லேத் பட்டறை வேலை. மனைவி மெர்சி மதுரை நகருக்குள் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய்வந்ததில் அவளுக்குத் தீராத இடுப்பு வலி. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி வீடு கிடைத்தபோது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டுக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். எங்களிடம் ராஜா, ஜூலி என்று இரண்டு இருந்தன. திருவேடகம் அருகே ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த மெர்சியின் அண்ணன் தாசன், "ரெண்டையும் கொண்டாந்து விடுங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றார். கொண்டுபோய் விடுவதுதான் பயணத்தின் நோக்கம். எட்டு வயது மகள் பிரேமி அழக் கூடாது என்பதற்காக அதை உல்லாசப் பயணமாக மாற்றினோம்.

பஸ்ஸில் நாய்களை ஏற்றவில்லை. தெரிந்தவருடைய டெம்போவில் சோழவந்தான் போனோம். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே தாசன் சொல்லிவைத்திருந்த சோணை, தேங்காய் ஏற்றும் பெரிய பரிசலோடு காத்திருந்தார்.

"நாய் தண்ணியில குதிச்சா என்னண்ணே செய்வீக?" என்று கேட்டார்.

"நானும் குதிப்பேன்" என்றேன். நீச்சல் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

பரிசல் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் போனது. கரையில் வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்ச நேரத்தில் தென்னை, மறுபடியும் கொடிக்கால். ராஜா விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கொக்குகளைப் பார்த்து உறுமினான். பிரேமி தண்ணீரில் கைவிட்டுச் சிரித்தாள். மெர்சி மட்டும் ஜூலியின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மதியம் நடு ஆற்றில் ஒரு மணல் திட்டில் இறங்கிப் புளிசாதம் சாப்பிட்டோம். ஜூலி எதையும் தொடவில்லை. கால்களால் மணலைப் பறித்துக் குழி தோண்டினாள். பால்சோறு தின்று கொழுத்துவிட்டாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

"ஏங்க, இது குட்டி போடப் போகுதுங்க" என்றாள் மெர்சி.

முதல் குட்டி வந்தது. நல்ல இடைவெளி விட்டு இரண்டாவதும் வந்தது. பிரேமி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சோணை திட்டின் ஓரத்தைக் காட்டினார். வந்து இறங்கியபோது கழி ஊன்றிய இடம் முழுகியிருந்தது. "மேல அணையத் தொறந்துவிட்டுட்டாக போல. தண்ணி ஏறுது. கெளம்பிருவோம்ணே."

ஜூலி எழ மறுத்தாள். மெர்சி போர்வையை விரித்து அவளைக் குட்டிகளோடு அப்படியே அதில் புரட்டினாள். நானும் சோணையும் தூக்கிப் பரிசலில் வைத்தோம். ராஜா தானாகவே தாவி ஏறி, ஒரு ஓரத்தில் அசையாமல் படுத்துக்கொண்டான். ஏறிவந்த தண்ணீர் எங்களை வேகமாக இழுத்தது. சோணை கழியை ஊன்றி ஊன்றிப் பரிசலைக் கரைப்பக்கமாகவே வைத்திருந்தார்.

அந்த ஆட்டத்தில்தான் மூன்றாவது குட்டி பிறந்தது. அசைவில்லை. ஜூலி நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெர்சி அதை எடுத்து, மூக்கையும் வாயையும் துடைத்து, புடவைத் தலைப்பால் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். எவ்வளவு நேரம் தேய்த்தாளோ தெரியாது. பிரேமிதான் முதலில் கத்தினாள்: "அம்மா, வாயத் தொறக்குதும்மா!"

பூனை போல ஒரு முனகல் கேட்டது. மெர்சி குட்டியை ஜூலியிடம் விட்டாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த மாடி வீடு வேண்டாங்க" என்றாள்.

"ஒன் இடுப்பு?"

"வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. இதுகள விட்டுட்டு அங்க போய் நிம்மதியா இருப்பேன்னா நெனைக்கிறீக?"

தோப்புக் கரையில் நின்ற தாசன் எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டுன்னுதான சொன்னீக மாப்ள?" என்றார். குட்டிகள் கண் திறந்து ஓடியாடும்வரை எல்லாம் அவர் தோப்பிலேயே இருந்தன. பிறகு அவருக்கு இரண்டு குட்டிகளைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை டெம்போவில் திரும்பக் கொண்டுவந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏறுவதற்கு முன் நாய்க்குத் தீனி வேண்டாம். கழுத்துக் கயிற்றைப் பரிசலில் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் அதுவே ஆபத்து. பழைய போர்வை கட்டாயம் வேண்டும். அணையில் தண்ணீர் திறப்பார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை. பெண் நாயாக இருந்தால் வயிற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கோடை விடுமுறைக்குள் பசுமலையில் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. நாய்களைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா, "தோட்டத்துக்குக் காவலாச்சு" என்றார். மெர்சிக்கு ஒரே பஸ்தான், பாதித் தூரம்தான். இடுப்பு வலி முழுதாகப் போகவில்லை, குறைந்தது. சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினால் மூன்று வால்கள் ஆடும். பரிசலில் பிறந்ததுதான் முதலில் ஓடும்.