கோலாட்டத்தில் ஒரு குனிவு

இன்று சந்தையில் கருவாட்டு மணம் மூக்கில் ஏறியதும், இப்போது சுவடே இல்லாத சல்லி ஊர்க் கரையில் மீன் காயவைத்த எங்கள் வாடிக்கு நினைவில் போய்விட்டேன். உலகச் சண்டைக் காலம்; சீனன்குடா விமானத்தளப் பக்கம் விமானங்கள் இரைந்துகொண்டேயிருக்க, அம்மாவும் சின்னம்மாவும் காய்ந்த மீனை அள்ளிவிட்டு, அதே மணலில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோலாட்டம் பழகுவார்கள். நடுவில் கண்ணை மூடிக் குனிந்து, சட்டென்று பின்பக்கம் திரும்பிக் கோலை வீசுவார்கள். அந்தக் குனிவு அம்மனைக் கும்பிடுவது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு மாலை, நல்ல சாராய வெறியில் வந்த வெள்ளைச் சிப்பாய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். அம்மா குனிந்தாள், திரும்பினாள், வீசினாள். அவன் மணலில் கிடந்தான்.

“அக்கா, அப்ப அது கும்பிடு இல்லையோ?” என்றாள் சின்னம்மா.

“எனக்கும் தெரியாதடி.” அம்மா கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தத் திருவிழாவில் குனிவு வந்தபோது ஆடிய பெண்களில் ஒருத்தியும் கண்ணை மூடவில்லை.